சூடான மோட்டாருக்கு இரக்கம் காட்டாதீர்கள்

ஒவ்வொரு ஸ்டெப்பாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாருக்குக் கண் கிடையாது; நூறு ஸ்டெப் போ என்றால், போய்விட்டதாக நாம்தான் நம்பிக்கொள்ள வேண்டும். கை மெஷினைக் கம்ப்யூட்டர் மெஷினாக மாற்றித் தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட என் சக பாவிகளுக்கு இது தெரியாததல்ல. கம்ப்யூட்டரில் பிரிண்டர் சொருகும் துளையிலிருந்தே நாம் மோட்டார் ஓட்டிய காலம் அது.

டீ சூடு

ராயபுரத்தில் வீட்டுக்குப் பின்னால், உலோகத்தைச் செதுக்கும் ஒரு மில்லிங் மெஷின் போட்டு, படகு என்ஜினுக்கு ஓட்டை போட்ட தட்டுகள் செய்து கொடுப்பவர் மேரி அக்கா. இருபது வருடம் ஹேண்டில் சுற்றி வலது தோள் போய்விட்டது. இனியும் சுற்றினால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் தானாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போக வேண்டும்.

ஹேண்டில் இருந்த இடத்தில் ஸ்டெப்பர் மோட்டாரை மாட்டினேன். அதை ஓட்ட எனக்குத் தெரிந்தது ஒரே வழி. மோட்டாருக்கு வேண்டியதைவிட அதிக வோல்ட் கொடுத்து, மிச்சத்தைப் பெரிய ரெசிஸ்டர்களில் எரித்துவிடுவது. மோட்டார் நத்தை மாதிரி நகர்ந்தது, ரெசிஸ்டர் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. மூன்றாம் நாள் போனால் பெட்டியின்மேல் டீ கிளாஸ் உட்கார்ந்திருக்கிறது. அக்கா சொன்னார்: "மிஷினு ஓடுதோ இல்லியோ, டீ நல்லா சூடாக் கீது தம்பி."

நாயனம்

ரெசிஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு சாப்பர் டிரைவ் கட்டினேன். அது கரண்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, வேண்டிய அளவை மட்டும் உள்ளே விடும். அடுப்பு அணைந்தது, வேகம் வந்தது, கூடவே ஒரு வியாதியும் வந்தது. குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டினால் மோட்டார் நடுங்கி, ஊளையிட்டு, தட்டைத் தாங்கி நகர வேண்டிய டேபிளோடு அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு ஸ்டெப்பையும் இரண்டு அரை ஸ்டெப்பாக உடைத்து, வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பது எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆனது. அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தாஸ் அண்ணன், பொறுமை இழந்துவிட்டார். "இன்னா நைனா, மோட்டாரு நாயனம் வாசிக்குது, டேபிளு நகர மாட்டேங்குது?"

இரக்கம்

ஊளை நின்று மெஷின் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும், படகு கம்பெனி ஒன்று மாதிரிக்கு நாலு தட்டு கேட்டது. பிடித்திருந்தால் வருடம் முழுக்க வேலை. தட்டு போடுவதற்கு முந்தின நாள் மாலை, மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு மோட்டாரைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. ஸ்டெப்பர் மோட்டார் அப்படித்தான் சுடும் என்று எனக்கே தெரியும். இருந்தும் மனசு கேட்காமல் கரண்ட்டைக் குறைத்து வைத்தேன்.

மறுநாள் மோட்டார் ஜில்லென்று இருந்தது. நாலு தட்டிலும் கடைசி ஓட்டை அரை மில்லி தள்ளி விழுந்திருந்தது. பலம் போதாமல் நடுவில் ஸ்டெப்புகளை விட்டிருக்கிறது; கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரி! அக்காவின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று எனக்கு அழுகையே முட்டியது. அவர் இடது கையால் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார். "மிஷினு மேல பாவம் பாத்தியே, என் மேல பாத்தியா? ஏத்து தம்பி கரண்ட்ட, மத்தியானத்துக்குள்ள வேற நாலு போட்ரலாம்."

கொண்டை

ஏற்றினோம், போட்டோம். கம்பெனி இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்து மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். சில மாதம் கழித்து, மெஷின் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போனேன். அது தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்க, அக்கா இரண்டு கையையும் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். "இத்தினி நாளா எங்க வூட்டுக்காருதான் வாரிவுட்டாரு, பாதி எண்ண காதுலதான் போவும். இன்னிக்கு நானே வாரிக்கினேன் தம்பி."

மோட்டார் தவறவிடும் ஸ்டெப்புகளையாவது அளந்து கண்டுபிடித்துவிடலாம், நான் தவறவிட்டவற்றை எண்ண இன்னும் கருவி வரவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு.