முத்தம்மாவின் வயிறும் மூன்று மணிக் கதவும்

சன்னாசி ஒரு முட்டாள் என்று நான் சொன்னால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். பால்மரம் வெட்டுகிற கூட்டத்தில் காசைத் தபாலாபீஸ் சேமிப்பில் போட்டவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் தகரப் பெட்டியில் போட்டோம், கள்ளுக்கடையில் போட்டோம். நான் தோட்டத்து மாட்டுவண்டிக்காரன் பிச்சைமுத்து. நான் எதில் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

போடுவது சுலபமாகத்தான் இருந்தது. சம்பளத்தன்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி லியோனார்ட் மேசை போட்டு உட்கார்ந்து, "சேமிங்க, சேமிங்க" என்று வாங்கிக்கொள்வார். மறுநாள் சைக்கிளில் டவுனுக்குப் போய்க் கட்டிவிட்டு வருவார். எடுக்க வேண்டும் என்றபோதுதான் சட்டம் பேசினார்.

"எடுக்கறதுன்னா நீயேதான் நேர்ல போகணும்லா. கைநாட்டு வைக்கணும். நான் போனா குடுக்க மாட்டான்."

சன்னாசிக்கு அவசரம். அவன் பெண்சாதி முத்தம்மாவுக்கு முன்னே பிறந்த இரண்டும் லயத்து வீட்டிலேயே போய்விட்டன. ஒன்று மூன்றாம் நாள். இன்னொன்று கண்ணே திறக்கவில்லை. மூன்றாவதையாவது ஊரில் ஆத்தா வீட்டில் பெறட்டும் என்று, கப்பல் சீட்டுக்காகத்தான் நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தான். ஏழு மாதம் தாண்டினால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று கங்காணி மாயாண்டி சொல்லியிருந்தார். அப்போது ஐந்தாம் மாதம்.

தபாலாபீஸ் மூன்று மணிக்குச் சாத்திவிடும். விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்தவன், மரத்தில் கீறல் வெட்டிப் பாலெடுத்து நிறுத்துக் கொடுத்து நிமிரும்போது ஒன்றரை. டவுனோ ஒன்பது மைல். ஓட்டமும் நடையுமாகப் போனால் பூட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஞாயிறு நமக்கு ஓய்வு, அவர்களுக்கும் ஓய்வு. மழை பெய்தால் வெட்டு இல்லை. ஆனால் அன்று டவுன் பாதையிலுள்ள பலகைப் பாலம் தண்ணீருக்குள் இருக்கும்.

ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று ஒரு தடவை வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டு டவுனுக்குப் போனான். அன்று ராஜாவுக்குப் பிறந்தநாளாம், கதவு பூட்டியிருந்தது. ராஜா எங்கள் தோட்டத்துக்குப் பிறக்கவில்லை. தபாலாபீஸுக்கு மட்டும் பிறந்திருக்கிறார்! சொல்லாமல் நின்றதற்காக மாயாண்டி அவனை மேட்டு மரங்களுக்குத் தள்ளினார். வேலை முடிகிற ஒன்றரை மணி இரண்டரை ஆயிற்று.

"காய்ச்சல்னு படுத்துடுடா. டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. தபாலாபீஸ் பக்கத்துலதான்" என்று யோசனை சொன்னவன் நான். படுத்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் காய்ச்சலுக்குக் கொய்னாவும் கொடுத்து, பேதிக்கும் கொடுத்து, மறுநாளே வேலைக்கு அனுப்பிவிட்டார். என் வாயில்தான் ரெண்டு போட வேண்டும்.

ஏழாம் மாதம் போயிற்று. கப்பலும் போயிற்று. சன்னாசி சேமிப்புப் புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டே திரிந்தான்.

எட்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை, விடியும்போதே வலி கண்டுவிட்டது. துரை காலில் விழுந்து வண்டிக்கு உத்தரவு வாங்கினான். பக்கத்து வீட்டுக் காளியம்மா துணைக்கு ஏறினாள், சன்னாசி முன்னால் என் பக்கத்தில் ஏறினான். அடித்து ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நூறு அடிதான்.

"நிறுத்துண்ணே! தலை தெரியுது!" என்றாள் காளியம்மா.

நிறுத்தினேன். வண்டிக் கூடாரத்துக்குள் குழந்தை கத்தியது. என்ன கத்தல்! மாடுகளே மிரண்டன. நான் அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்.

சத்தம் கேட்டு ஒரு குமாஸ்தா வெளியே ஓடி வந்தார். அப்போதுதான் பார்த்தேன், வண்டி நின்றது தபாலாபீஸ் வாசலில். கதவு திறந்திருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டுக்குச் சாத்துவார்கள். கால் மணி பாக்கி.

குமாஸ்தா சன்னாசியின் மடியைப் பார்த்தார். "நம்ம புத்தகமாச்சே. பணம் எடுக்கணுமாப்பா?"

"கப்பலுக்குன்னு போட்டு வெச்சதுங்க. இனி எதுக்குங்க?" குழந்தையை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை.

கூடாரத்துக்குள்ளிருந்து முத்தம்மா, பெற்று முடித்த மூச்சு இன்னும் அடங்காமல், கத்தினாள்:

"ஏய்யா! போய்க் கைநாட்டை வையி! நாளைக்கு ஞாயித்துக்கிழமைலா!"