தள்ளி நின்று பார்த்த முகம்

நான் பத்திரமாக வைத்திருந்த பழைய பேப்பர் படமொன்றை நேற்றுக் கணினியில் ஏற்றி, அதிலிருந்த பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினேன். முகம் சதுரங்களாகக் கலைந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே நிறம், கண்ணுமில்லை, மூக்குமில்லை.

அந்தப் பேப்பர் வீட்டுக்கு வந்தது ஐப்பசி மாதத்து ஒரு வியாழக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. மேரி சித்தி இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தை, தொழிலாளர் வீட்டு வரிசையை, மண்சரிவு மூடி மூன்று நாளாகியிருந்தது. பாதை உடைந்து கிடந்ததால் யாரும் போக முடியவில்லை. பண்டாரவளையிலிருந்து அப்பா கொண்டுவந்த பேப்பரில், தப்பிப் பாடசாலையில் தங்கியிருந்தவர்களின் படம் இருந்தது.

கங்காணியிடம் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியால் அம்மா அந்தப் படத்தில் தன் தங்கையைத் தேடினார். ஈரத்துணியும் விறகுப்புகையும் மணந்த அறையில், கண்ணாடிக்குள் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன.

“இன்னும் கிட்ட வச்சுப் பாரு புள்ள,” என்றார் அப்பா.

“கிட்டப் போகப்போக ஆளே இல்லாமப் போகுதுங்க!”

சட்டென்று அம்மா எழுந்தார். “எதிர்மலையில கொழுந்து எடுக்குறவள மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிக்கிறோம்?”

பேப்பரைக் கதவில் குத்திவிட்டு முற்றத்தின் கோடிக்கு நடந்தார். அங்கிருந்து நெடுநேரம் பார்த்தார்.

“இடது தோள எறக்கிக்கிட்டு நிக்கிறா பாருங்க. கூடை இல்லாட்டியும் அப்படித்தான் நிப்பா. அவதான்!”

நேற்று என் பக்கத்தில் அமர்ந்து திரையை உற்றுப் பார்த்த சித்தி, “என்னாடி இது, கட்டங் கட்டமா?” என்றார். அவருடைய நாற்காலியைச் சுவர்வரை பின்னுக்கு இழுத்தேன்.

“அட, நான்!” என்று எழுந்து நின்றார். இடது தோள் இன்னும் இறங்கித்தான் இருந்தது.