நகோயா ஸ்டேஷனில் மகளுக்குப் பின்னால்

மொன்றியலில் எங்கள் மகள் தனியாக ஒரு பஸ் ஏறியது கிடையாது. சின்ன வயதிலேயே அவளுக்குப் பார்வை போய்விட்டது. வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடமோ டவுன்டவுனில் யூனிவர்சிட்டியோ, தகப்பன்தான் காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கி, திரும்பவும் வாசலில் நின்று ஏற்றி வருவார். பனிக்காலத்தில் வீட்டுப் படியிலிருந்து கார்வரைக்கும் நான் ஒரு கை, அவர் ஒரு கை. அப்படி வளர்த்த பிள்ளை, பிரெஞ்சு படிப்பிக்க ஒரு வருசம் ஜப்பானுக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்று போனாள். வருசம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருசம் நிற்கப்போகிறாளாம்.

"நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார் என் மனுசன். "நான் போனால் கோவத்திலை ஏதும் கதைச்சுப்போடுவன்."

என்னுடைய கோபத்தை அவர் மறந்துபோனார் போலும். மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற வேலை எனக்கு. லீவு போட்டுவிட்டு, இவளைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்புவது என்று புறப்பட்டேன்.

ஜப்பானில், நகோயா நகரத்து விமான நிலையத்தில் மகள் தடியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். "ஆரோடை வந்தனி?" என்று கேட்டேன். "தனியத்தான்," என்றாள்.

அங்கிருந்து ரயில் பிடித்து நகோயா ஸ்டேஷனில் இறங்கினோம். கடவுளே, அவ்வளவு சனத்தை நான் ஒரே இடத்தில் கண்டதில்லை. ஊர் ரயில், தூரத்து ரயில், நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயில், வெளியே பஸ்கள், எல்லாம் அந்த ஒரு கட்டடத்தில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஆனால் ஒரு தள்ளுமுள்ளு இல்லை. மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் அடைத்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன். வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன்காரர் ஒருவர் ஓடிவந்தார், குனிந்து வணங்கினார், பெட்டியைத் தூக்கினார். எவ்வளவு மரியாதையான போர்ட்டர் என்று மகளிடம் சொல்லிக்கொண்டே என் ஹேண்ட்பேக்கையும் அவரிடம் நீட்டினேன். அவர் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இன்னொருமுறை வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அவர் போர்ட்டர் இல்லை. நீங்கள் என்ரை ரோட்டிலை பெட்டியை வைச்சிட்டியள்."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பார்வையில்லாதவர்கள் தடவி நடக்க நிலத்தில் மஞ்சள் நிறக் கற்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள். நீளக் கோடு புடைத்திருந்தால் நடக்கலாம், புள்ளி புடைத்திருந்தால் நின்று கவனிக்க வேண்டுமாம். எங்கே போனாலும் அந்த மஞ்சள் கூடவே வருகிறது. நான் சும்மா இருந்தேனா? அவளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் என்று எனக்குத் தோன்றிய பக்கம் இழுத்தேன்.

"அம்மா, கையை விடுங்கோ," என்றாள். "நீங்கள் இழுத்தா நான் எங்கை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியாமப் போயிடும்."

எனக்குச் சரியான கோபம். பிறந்த நாளிலிருந்து பிடித்த கை. விட்டேன். அவள் தடியால் இரண்டு தட்டுத் தட்டி மஞ்சளைக் கண்டுபிடித்து விறுவிறென்று நடந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பிறகு நான் அங்கே தங்கிய நாளெல்லாம் காலையில் அவள் வேலைக்குப் போகும்போது ஸ்டேஷன்வரை கூடப் போனேன். படிக்கட்டுக்குக் கிட்டக் குருவி கத்தியது. நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். "அது ஸ்பீக்கர் அம்மா, படி இருக்குது எண்டு சொல்லுது," என்றாள். டிக்கெட் வாசலுக்கு ஒரு மணிச்சத்தம். கைபிடிக் கம்பியில் பார்வையில்லாதவர்கள் தடவி வாசிக்கிற புள்ளிகள், மேலே போனால் எந்த பிளாட்போர்ம் என்று சொல்கின்றன. பஸ்கூடத் தான் எங்கே போகிறது என்று ஸ்பீக்கரில் தானே சொல்கிறது. அவள் எங்கே இறங்குவாள் என்று ஸ்டேஷன்காரர் அந்த ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லிவிட, அங்கே ரயிலின் சரியான கதவடியில் இன்னொருவர் காத்திருப்பாராம். ஒருவரும் அவளைப் பிடித்து இழுப்பதில்லை. முழங்கையை நீட்டி, வேண்டுமா என்று கேட்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, இதை யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஒருநாள் பெருமழை, ரயில் நின்றுபோனது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மகள் போய் விசாரித்துவிட்டு வந்து, "பஸ்ஸிலை போவம், வாங்கோ," என்றாள். கீழே இறங்கி, சுற்றி, மேலே ஏறி, சனத்துக்குள்ளால் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளின் ஜாக்கெட் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நான் போனேன். அதுவரை ஒவ்வொரு இரவும் வீட்டுக்கு வா என்று கேட்க வாயெடுப்பேன். அன்றைக்குப் பிறகு எனக்குக் கேட்க மனம் வரவில்லை.

போகிற அன்று காலை அவளே என்னை விமான நிலைய ரயிலில் ஏற்றிவிட்டாள். ரயிலுக்குள் போனில் கதைக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால், இறங்கிய பிறகுதான் மனுசனுக்கு எடுத்தேன்.

"எப்ப வாறாளாம்?"

"நான் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ! பின்னை என்னத்துக்கு உவ்வளவு தூரம் போனனீர்?" என்று கத்தினார். "போனை அவளிட்டைக் குடும், நான் கேக்கிறன்."

"அவள் இஞ்சை இல்லை. என்னை ரெயிலிலை ஏத்திவிட்டிட்டு வேலைக்குப் போயிட்டாள்."

"ஆரோடை?"

"தனிய."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வடிவாய் நடக்கிறாளோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "பின்னாலை போய் என்னாலை பிடிக்கேலாது."