குதிரை டாக்டர் செத்த கதைகள்

வேலூர் மாட்டாஸ்பத்திரியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். மாட்டைப் பார்ப்பது டாக்டர் வேலை, மாட்டைப் பற்றி எழுதுவது என் வேலை. ஒருநாள் டாக்டர் ஒரு கடிதத்தை என் மேஜையில் போட்டு, "உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே, இதை முடிச்சுடு" என்றார். நல்லா வந்த அந்த இங்கிலீஷால் என் அரை வருஷம் போயிற்று.

கடிதம் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் ஒரு கிழவி. அவருடைய தம்பி அங்கே குதிரைப்படையில் அதிகாரி, குதிரைகளுக்கு வைத்தியர். பட்டாளத்தை விட்டபின், நோய்ப்பட்ட மாட்டின் தோலைக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்காகத் தோல் கம்பெனி ஒன்று அவரை ஆம்பூருக்கு அனுப்பியது. ஜெர்மன் சண்டை தொடங்கியதும் தம்பியிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. இப்போது அந்தப் படையில் இருந்த பழைய அதிகாரிகள், வைத்தியர்கள் எல்லோருடைய வாழ்க்கையையும் திரட்டிப் புத்தகம் போடுகிறார்களாம். தம்பியின் பக்கம் மட்டும் காலி. கூடவே ஒரு படிவம். பிறந்த நாள், பதவி, ஏறிய குதிரைகளின் பெயர் வரைக்கும் அக்காவே நிரப்பியிருந்தார். கடைசி மூன்று கட்டங்கள் எங்களுக்கு: எப்போது இறந்தார், எப்படி, எங்கே புதைத்தீர்கள். "என் கண் மங்கிக்கொண்டு வருகிறது, சீக்கிரம் எழுதுங்கள்" என்று முடித்திருந்தார்.

மூன்று கட்டம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காக்கி கால்சட்டையும் சர்க்கார் ஃபைலுமாக ஆம்பூர் தோல் மண்டிக்குப் போனேன். தம்பிக்காரரோடு வேலை பார்த்த சாயபு அங்கே இன்னும் இருந்தார். "ஜெர்மன் டாக்டரா? காலரால போய்ட்டார் சார், எம்டன் கப்பல் குண்டு போட்ட வருஷம். ஜாஸ்தி நல்ல மனுசன்" என்றார். எங்கே புதைத்தீர்கள் என்றதற்கு ரயில் பாதைப் பக்கம் கையை வீசினார். போய்ப் பார்த்தால் எருக்கஞ்செடியும் இரண்டு ஆடும்தான்.

வாலாஜாபேட்டையில் அவருக்கு வண்டி ஓட்டியவனைப் பிடித்தேன். "குதிரை ஒதச்சி பூட்டாரு சார். நெஞ்சிலியே வுட்டுச்சு" என்றான். குதிரை வைத்தியருக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று படிவத்தில் எழுதியிருந்த காலராவை அடித்துவிட்டு இதை எழுதினேன். அடுத்த வாரம், அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா, "பாலாத்து வெள்ளம் அடிச்சிகினு போய்ச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. அதுதான் எனக்குத் தாளவில்லை.

இதற்குள் கிழவியிடமிருந்து இரண்டாவது கடிதம். இந்த முறை எழுத்துகள் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாகி, வரிகள் கோணிக்கொண்டு போயிருந்தன. ஏதாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்டிருந்தார்.

நேரே ஆம்பூருக்குப் போய் மண்டி நடுவில் நின்று கத்தினேன். "சாயபு, உங்க டாக்டர் மூணு தடவை செத்திருக்கார். ஒரு குழியையாவது காட்டுங்க! அங்க அவர் அக்காவுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு!"

சாயபு கடிதத்தைப் பார்த்தார். என் கால்சட்டையைப் பார்த்தார். "அப்போ நீங்க போலீஸ் இல்லியா?"

"மாட்டாஸ்பத்திரி!"

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சண்டையில ஜெர்மன்காரங்கள எல்லாம் புடிச்சிகினு போனாங்க சார். யார் வந்து கேட்டாலும் செத்துட்டார்னு சொல்லிடணும்னு பேசி வெச்சிகினோம். எப்டி செத்தார்னு பேசி வெச்சிக்கல."

"சண்டை முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு!"

"ஆச்சு சார். இனிமே நெஜத்த சொல்லலாம்னு யாரும் வந்து சொல்லலியே" என்றார். பிறகு மெதுவாக, "கணியம்பாடிக்குப் போங்க" என்றார்.

கணியம்பாடி! அந்தப் பக்கத்து மாடு ஒன்றுகூட எங்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. 'கணியம்பாடியில் நோய் இல்லை' என்று மாதாமாதம் ரிப்போர்ட் எழுதிய மகாபுத்திசாலி நான்தான்.

போனபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவர், வேட்டியை மடித்துக் கட்டி, கன்று போட முடியாத பசுவுக்குள் தோள் வரை கையை விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நின்னுகினு இன்னா பாக்குற, வாலைப் புடி" என்றார். பிடித்தேன். கன்று விழுந்து மூச்சு விட்ட பிறகுதான் கடிதத்தைக் கொடுக்க முடிந்தது.

அந்தக் கோணல் வரிகளை வெகுநேரம் பார்த்தார். "அக்கா இருக்காளா?" என்றார். இத்தனை வருஷம் ஒரு வரி எழுத முடியாதா என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன். "ஊரே எனக்கோசரம் பொய் சொல்லிச்சு. எழுதினா அவங்க மாட்டிக்குவாங்கன்னு எழுதல. அப்பால வெக்கமா பூட்சு" என்றார். அன்றே இரண்டு பக்கம் எழுதினார். நானே தபாலில் சேர்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்த உறை பிரிக்காமலே திரும்பி வந்தது. மேலே ஊதா மையில் ஜெர்மனில் ஒரு வரி. பெற வேண்டியவர் இறந்துவிட்டார் என்று அர்த்தமாம், எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் விசாரித்துச் சொன்னார். முதல் ஞாயிறே ஒருத்தராவது உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தம்மா படித்திருப்பார். நான் மட்டும் என்ன யோக்கியம்? மாட்டாஸ்பத்திரிக்காரன் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லியிருக்கலாம். காக்கி போட்ட திமிர், சொல்லவில்லை.

உறையைப் பையில் போட்டுக்கொண்டு கணியம்பாடிக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா கைக்குப் போச்சா?" என்றார்.

"போச்சுங்க" என்றேன். அதோடு நிறுத்தவும் என்னால் முடியவில்லை. "கண்ணு தெரியலையாம். பக்கத்து வீட்டுப் பொண்ணை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்களாம்."

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார்.

"இன்னொண்ணு எழுதி வெக்கிறேன்" என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கினு போ."

"வர்றேங்க" என்றேன்.