மணியடித்தால் வரும் தோழி

எனக்கு ஏழு வயதானபோது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடம் ஆனது. சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் நான்காம் மாடி வீடு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது, தொலைக்காட்சிக்குப் பழைய துப்பட்டா ஒன்றைப் போர்த்தி மூடினார்கள். சாலையைத் தாண்டினால் நிஜப் பள்ளிக்கூடமே இருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் போனார்கள். நான் மட்டும் பல் துலக்கிவிட்டு, படுக்கையறையிலிருந்து மேசைவரை நடந்து பள்ளிக்கு வந்துசேர்ந்தேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன் திருச்சியில் டீச்சராக இருந்தவர். இந்த ஊரில் பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாம், அரசாங்கத்திடம் அனுமதி வாங்கினால் போதும் என்று எங்கோ கேள்விப்பட்டதிலிருந்து அதே நினைப்பாக இருந்தார். பாடத்திட்டம் எழுதி விண்ணப்பித்தார். அனுமதியும் வந்துவிட்டது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அவர் தூக்கம் கலைந்து யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அத்தை மட்டும் விடவில்லை.

"அப்ப இவளுக்கு ஸ்கூல் ஹாலிடே எப்படி லா? வீட்ட விட்டு வெளிய அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

முதல் நாள் காலை, பாலர் பள்ளியில் பழக்கியபடி எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்றேன். அடுத்து, "குட் மார்னிங் பிரண்ட்ஸ்" என்று சொல்லி வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். குளிர்பதனப் பெட்டி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து என் கண்ணைத் துடைத்தார்.

"பிரண்ட்ஸ் ரீசஸ்லதான் வருவாங்க" என்றார்.

எதிர்ப் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் அம்மா உள்ளே போனார். கொண்டையை அவிழ்த்துக் குதிரைவால் போட்டுக்கொண்டு, கையில் நீலச் சாப்பாட்டு டப்பாவுடன் வந்தார். நாங்கள் வாசலுக்கு வெளியே மாடி நடைபாதையில் போய் உட்கார்ந்தோம். டப்பாவில் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி இருந்தது.

"நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"பிரண்ட யாராவது நீங்கன்னு சொல்வாங்களா? நீன்னு சொல்லுடி."

அம்மாவை "நீ" என்று கூப்பிட்டால் அத்தை வாயிலேயே போடுவார். அதனாலேயே இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து மணியடித்தால் தோழி வருவாள், அடுத்த மணிக்குப் போய்விடுவாள். டீச்சரைப் பற்றி அவளிடம் புகார் சொல்வேன். அவளும் "ஆமாடி, ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்று ஒத்து ஊதுவாள்.

ஒருநாள் அவளைப் பற்றிக் கேட்டேன்.

"உங்க அம்மா எங்க?"

"திருச்சியில. வீடியோ கால்ல பேசுவேன்."

"இங்க உனக்கு வேற பிரண்ட்ஸ் இல்லையா?"

"நீ மட்டுந்தான்டி."

என்ன அருமையாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருக்கவே, ரொட்டியில் காயா அதிகமாக இருந்த பக்கத்தைப் பிய்த்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போவோம். அங்கே காய்கறி விற்கும் தஞ்சாவூர்க்காரப் பெண்மணியிடம் அம்மா பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார். முருங்கைக்காய் வாங்க இவ்வளவு பேச்சா என்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். எங்கள் நடைபாதையிலோ பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு புன்னகைதான். ஆளுக்கு ஒன்றாகப் பரிமாறிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்த மாதங்களில் நான் மிகவும் தனியாக இருந்தேன். தனிமை என்ற சொல் தெரியாததால் "போர் அடிக்குது" என்று சொல்லிவந்தேன். எதிர்ப் பள்ளியில் விளையாட்டு விழா நடந்த அன்று விசிலும் கூச்சலும் நான்காம் மாடிவரை ஏறி வந்தன. ரொட்டியை டப்பாவிலேயே திருப்பி வைத்தேன்.

"ஒரு சீக்ரெட் சொல்றேன். எங்க அம்மாகிட்ட சொல்லக்கூடாது. பிராமிஸ்?"

"பிராமிஸ்."

"எனக்கு அந்த ஸ்கூலுக்குப் போகணும். ஆனா சொன்னா அம்மா அழுவாங்க."

தோழி கம்பிக்கு அந்தப்பக்கம் தெரிந்த மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழமாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கள எனக்கு நல்லாத் தெரியும்."

அன்றைக்கு அடுத்த மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு கழித்தல் கணக்கு நடத்திய டீச்சருக்கு மூக்கு சிவந்திருந்தது. சளியா என்று கேட்டேன், ஆமாம் என்றார்.

இரவு அம்மா தோசை வார்க்கும்போது முகத்தையே கவனித்தேன். ஒன்றும் தெரிந்தமாதிரி இல்லை. தோழி வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முன்பாக அப்பா ஒரு பையோடு வந்தார். உள்ளே எதிர்ப் பள்ளியின் சீருடை இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"உங்க டீச்சர்தான் சொன்னாங்க, நீ ஸ்கூலுக்குப் போகலாம்னு" என்றார் அம்மா. டீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. தோழி மீது மட்டும் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

பள்ளியில் முதல் ரீசஸ். "வா, கேட்ச்சிங் விளையாடலாம்" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். ஓடும்போது பழக்கத்தில் எங்கள் புளோக்கை நிமிர்ந்து பார்த்தேன். நான்காம் மாடி நடைபாதையில் குதிரைவால் போட்டுக்கொண்டு, நீல டப்பாவைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள்.

பரவாயில்லை, அவளுக்கும் ரீசஸ் விட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஒருமுறை கையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.