கேட்டதற்குப் பதில் சிரிப்பு

என் வீட்டுக்காரருக்குக் கடத்தூரில் கடலைக்காய் மண்டி இருந்தது. ஆனால் ஊர் அவரை மேடைப் பேச்சுக்காரராகத்தான் அறியும். எதிராளி என்ன சொன்னான் என்பது அவருக்கு முக்கியமில்லை. அவன் நடை, துண்டு போடும் விதம், தொண்டையைச் செருமும் சத்தம், இதில் ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும். கூட்டம் சிரித்து முடிக்கும்போது வழக்கும் முடிந்திருக்கும். மறுநாள் சந்தையில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை மறுபடி சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தது.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய சமயம். அதை ஆதரித்துச் சந்தைத் திடலில் ஒரு சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். அவர்தான் பேச்சாளர். கூட்டத்தின் நடுவிலிருந்து எலிமெண்டரி பள்ளி வாத்தியார் ஒருவர் எழுந்தார். முன்பல் எல்லாம் விழுந்துபோனவர், சொற்கள் காற்றோடு கலந்துதான் வெளியே வரும்.

"கடையை மூடுறது நல்லதுதானுங்க. மரமேறிப் பொழைக்கிற குடும்பங்க நாளைக்கு என்னத்தைச் சாப்பிடும்? அதுக்கு ஏதாச்சும் யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு வாத்தியாரின் குரலிலேயே, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு சொன்னார்: "பல்லு போனவங்களுக்குச் சாப்பாட்டுக் கவலைதானுங்க பெருங்கவலை!"

திடல் அதிர்ந்தது. வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சிரிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் வாத்தியார் எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நேத்து சிரிச்சாச்சுங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே, அதான் வந்தேன்" என்றார்.

"வாங்க வாத்தியாரே. பசியோட வந்திருப்பீங்க. வூட்டுல ராகிக் களி இருக்குது, மெல்ல வேண்டிய வேலையே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

வாத்தியார் என்னைப் பார்த்து, "குடுங்கம்மா" என்றார். நான் தட்டில் வைத்துக் கொடுத்த களியை நிதானமாக விழுங்கினார். கையைக் கழுவினார். "களி நல்லா இருந்துதும்மா. கேள்வி அப்படியேதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் மண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதன்பின் வாத்தியாரைக் கூட்டங்களில் காணோம். மரமேறிப் பிழைத்தவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. இவர் சரக்கு ஏற்றிவிட மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய்வந்த ஒரு நாள், சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்துப் பனைகளில் கள் இறக்கிக்கொண்டிருந்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ரயிலுக்குக் காத்திருந்தானாம். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "எங்க வேலை கெடைக்குதோ அங்கங்க" என்றானாம்.

"அந்த வாத்தியாரு..." என்று தொடங்கினார். பிறகு எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

யுத்த காலத்தில் ராகிக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தது. போகாமல் தங்கிவிட்ட குடும்பங்கள்தான் முதலில் பட்டினி கிடந்தன. அவர்களுக்கு ஊர் சேர்ந்து கஞ்சி ஊற்ற வேண்டும் என்று கேட்க இவர் மறுபடி மேடை ஏறினார். முந்தின நாள் முழுக்க என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு வேடிக்கைகூட இல்லை.

"பத்து வூட்டுல அடுப்பு எரியலீங்க" என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. அடுத்த வரியில் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தது.

"சிரிக்காதீங்க. புள்ளைங்க பட்டினியாக் கெடக்குதுங்க."

அவர் குரல் உடைந்தது. அழுகிறவன் மாதிரி செய்து காட்டுகிறார் என்று எண்ணி விசிலடித்தார்கள். "இன்னைக்கு யாரைப் புடிக்கப் போறீங்க?" என்று ஒருவன் கத்தினான்.

பின்னாலிருந்து வாத்தியார் எழுந்தார். அவர் வந்திருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அவரு நெசமாத்தான் சொல்றாருங்க, கொஞ்சம் கேளுங்க" என்றார், காற்றோடு கலந்த அதே சொற்களில். அதற்கும் சிரித்தார்கள். முன்னைவிட அதிகமாக.

இவர் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்தபடி, "ஒங்க வூட்டுக்காரரு வயித்தை வலிக்க வெச்சுட்டாருக்கா" என்றாள். நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

பிறகு இவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். மண்டியிலிருந்தும் கொடுத்தோம். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்ட இடம் கொடுத்தார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இவர் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கஞ்சி சில வாரம் ஊற்றினோம். தானியம் தீர்ந்ததும் நின்றுபோயிற்று. அதற்குள் மேலும் சில குடும்பங்கள் ஊரை விட்டுப் போயிருந்தன.

என் வீட்டுக்காரர் பின்னர் எந்த மேடையும் ஏறவில்லை. ஆனாலும் சந்தையில் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், அடுத்து எப்போது பேசப்போகிறார் என்று. அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.