தம்பியின் இடது கையும் இரும்புச் சில்லு உழவு இயந்திரமும்

தம்பி எங்களை விட்டுப் போய், வருகிற புரட்டாதியில் ஓராண்டு ஆகிறது. குடும்பத்தில் ஒருவர் மறைந்தால் உயிரோடிருப்பவர்களில் மூத்தவர் நினைவு மலரில் எழுதுவது எங்கள் வழக்கம். அவருக்கு நான் ஒருவனே அண்ணன். அதனால் எழுதுகிறேன். அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பதை, வாசித்து முடித்தபின் உறவினர்களும் நண்பர்களும் தீர்மானிக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தம்பியின் வீட்டு வளவில் நிற்கும் பழைய உழவு இயந்திரத்தை உடைத்து இரும்பாக ஏற்றிப் போக, முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசம் முடிந்த மறுநாள் லொறி வருவதாக ஒழுங்காகியிருக்கிறது. அது இரண்டு தரம் தம்பியை அடித்தது, முதல் தரம் கையை எடுத்தது, அடுத்த தரம் உயிரை எடுத்தது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய பிள்ளைகளும் அப்படியே நம்புகிறார்கள். அந்தக் கதையில் பாதி பொய். அது பொய் என்று தெரிந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவன் நான்.

தம்பி யாழ்ப்பாணத்தில், வடமராட்சிக் கரையோரத்தில் பிறந்தார். எங்கள் ஐயா புகையிலைத் தோட்டக்காரர், எதற்கும் கை ஓங்குபவர். தம்பி பிறவியிலேயே இடக்கையர். சோற்றில் இடது கை வைத்தால் அடி, ஏடு தொடக்கிய அன்று இடது கையால் அரிசியில் எழுதப் போனதற்கு அடி, கோயிலில் விபூதியை இடது கையால் வாங்கப் போனதற்கு இடுப்புப் பட்டையால் அடி. ஒரு முறை துலாக்கயிற்றால் அந்தக் கையைக் கிணற்றுக் காலோடு கட்டிவைத்து அடித்தார். மணிக்கட்டில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. நான் வலக்கையன், படிப்பில் கெட்டிக்காரன். ஆகவே அடி வாங்காமல் வளர்ந்தேன். அடிப்பது ஒருவரைத் திருத்தும் என்று பார்த்துப் பழகினேன். பின்னர் ஆசிரியனாகி, தலைமையாசிரியனாகி, அந்தப் பழக்கத்தைப் பிரம்போடு கொண்டுதிரிந்தேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் இருவருக்கும் வன்னியில், முரசுமோட்டைப் பக்கம், அரசாங்கக் குடியேற்றக் காணி கிடைத்தது. காணி என்று கடதாசியில் இருந்தது காடு. பாலையும் முதிரையும் வெட்டி விழுத்தி, வேரைத் தோண்டி, நெருப்பு வைத்து அதை வயலாக்கினோம். மரம் விழுந்து ஆள் செத்ததையும், பன்றி வயிற்றைக் கிழித்ததையும் அந்த நாட்களில் கண்டோம். நான் பள்ளிக்கூடம் முடிந்து வந்து கதிரையில் இருந்து மேற்பார்வை செய்தேன். கோடரி பிடித்தவர் தம்பி.

உடையார்கட்டுக்கு அப்பால் காட்டுக்குள் ஓர் உழவு இயந்திரம் கிடப்பதாக வேட்டைக்காரர் சொல்லக் கேட்டு அவர் போய்ப் பார்த்தார். உலகச் சண்டைக்கு முந்திய காலத்தில் யாரோ வெள்ளைக்காரர் காடு வெட்டித் தோட்டம் வைக்க முயன்று, காய்ச்சல் வந்து விட்டுவிட்டுப் போனது. ரப்பர் தயர் இல்லாத, கூர்ப்பல் வைத்த இரும்புச் சில்லு. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். பின்சில்லின் கம்பிகளுக்கு நடுவே ஒரு பாலை மரம் தொடையளவு பருத்து வளர்ந்திருந்தது. புகைக்குழாய்க்குள் குளவிக் கூடு. கருவிகள் வைக்கும் ஆயுதப் பெட்டியைத் திறந்தபோது நாகம் படமெடுத்தது. கோடரியால் அதைத் துண்டாக்கினார். குளவி குத்தி இரண்டு கண்ணும் மூடிய முகத்தோடு வீட்டுக்கு வந்து, சிரித்தபடி சொன்னார்:

“அண்ணை, எஞ்சின் இறுகேல்லை. ஒரு சுத்துச் சுத்துது.”

“உனக்குத்தான் தலை சுத்துது,” என்றேன்.

அதைக் காட்டிலிருந்து வெளியே எடுக்க எருமைகள் பூட்டி இழுத்தபோது வடம் அறுந்து, ஓர் எருமையின் முன்னங்காலை முறித்தது. அந்த எருமையை அங்கேயே விட்டு வர வேண்டியதாயிற்று. தம்பி அன்று சாப்பிடவில்லை. பிறகு பல மாதங்கள் அந்த இரும்போடு கிடந்தார். முல்லைத்தீவில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் அன்பர் ஒருவர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர், சண்டைக்கால லொறிகளிலிருந்து கழற்றிய சாமான்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பார். பொருந்தாததைத் தம்பி அரத்தால் ராவிப் பொருத்துவார். திருத்தக்கூடிய எதையும் அவர் மாற்றவில்லை. புது நிறம் பூசவும் மறுத்தார். “இதின்ரை தோல் இதுதான், காக்கா. இதை ஏன் மறைப்பான்?” என்றார்.

அதை இயக்க, முன்னால் நின்று இரும்பு ஹான்டிலைப் போட்டுச் சுழற்ற வேண்டும். உள்ளே நெருப்பு நேரத்துக்கு முந்திப் பற்றினால் ஹான்டில் எதிர்ப்பக்கம் சுழன்று ஆளை அடிக்கும். ஆகவே பக்கவாட்டில் நின்று, இடது கையால், பெருவிரலை மடக்காமல், கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். அப்போதுதான் திருப்பி அடித்தாலும் பிடி விரல்களிலிருந்து நழுவிப் போகும். வலது கையால் சுழற்றுபவர் குனிந்து அதன் வழியில் நிற்க வேண்டிவரும். ஐயா கட்டிவைத்து அடித்த கைக்கு உலகில் ஒரு சரியான வேலை கிடைத்தது என்று தம்பி பகிடியாகச் சொல்வார்.

மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு நாட்பார்த்து முதல் உழவு செய்வது உங்களுக்குத் தெரியும். இயந்திரம் ஓடத் தொடங்கிய ஆண்டு குடியேற்றத்தார் எல்லோரும் முதல் உழவைத் தம்பியின் இயந்திரமே உழ வேண்டும் என்று கேட்டார்கள். கும்பம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். மூத்தவன் என்று நான் சால்வையோடு முன்னால் நின்றேன். என்னோடு படிப்பித்த ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். தம்பி இடது கையை ஹான்டிலில் வைத்தார்.

“என்ன மாஸ்டர், நல்ல காரியத்தைப் பீச்சங்கையாலையே தொடங்கிறது?” என்றார் ஒருவர்.

“மாஸ்டற்றை பள்ளிக்கூடத்திலை ஆனாவையும் அந்தக் கையாலைதான் எழுதுறவங்கள் போல,” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

“வலக்கையைப் போடடா,” என்றேன்.

“வலக்கையாலை சுத்தினா எலும்பு முறியும், அண்ணை.”

“இண்டைக்கு ஒருக்காப் போடு. சனம் பாக்குது.”

“சனத்துக்கு என்ன, சனமே சுத்தப்போகுது?” என்றபடி இடது கையால் இழுத்தார். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. சிரிப்பு என்னைப் பார்த்து என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் இயந்திரக் கொட்டிலுக்குப் போனேன். தம்பி ரேடியேற்றர்த் தண்ணீரை வடித்துக்கொண்டு நின்றார். ஹான்டில் சுவரோடு சாத்தியிருந்தது. அதைக் கையில் எடுத்தேன்.

“கையை நீட்டு.”

தம்பி சிரித்தார். “எந்தக் கையை, அண்ணை?”

“எனக்கு முன்னாலை சுத்தின கையை.”

பிள்ளைகள் பெற்ற மனிதர், பள்ளிக்கூடப் பெடியன் போல இடது கையை நீட்டினார். நான் அடிக்கமாட்டேன் என்று நினைத்தாரோ, அண்ணன் கேட்டால் நீட்ட வேண்டும் என்று நினைத்தாரோ, தெரியாது.

“ஐயா அடிச்சுத் திருந்தாத கை. நீங்கள் அடிச்சுத் திருந்துதோ பாப்பம்,” என்றார்.

அடித்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் இன்னோர் அடி அடித்தேன். அது முழங்கை மூட்டில் விழுந்தது. தம்பி சில்லோடு சரிந்து இருந்தார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஓடிவந்தபோது ஹான்டில் நிலத்தில் கிடந்தது, நான் பக்கத்தில் நின்றேன்.

“என்னப்பா, என்ன நடந்தது?”

தம்பி என்னைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “மெசின் திருப்பி அடிச்சுப் போட்டுது.”

அந்த இடத்தில், அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு ஒன்பது ஆண்டுகள் வரவில்லை. எலும்பு முறிவு பார்க்கும் நாட்டு வைத்தியரான பரியாரி பச்சிலை அரைத்துப் புக்கை கட்டினார், பத்தியம் சொன்னார். எலும்பு பொருந்தியது. மூட்டு பொருந்தவில்லை. அந்தக் கை பிறகு விரியவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

இந்த அசம்பாவிதத்துக்குப் பிறகும் தம்பி இயந்திரத்தைக் கைவிடவில்லை. அதன் கொட்டிலுக்குக் கூரைக் கிடுகு மாற்றிய பின்பே வீட்டுக்கு மாற்றினார். சில்லு மண்ணில் உக்காமல் இருக்க முதிரைக் குற்றியின் மேல் நிறுத்தினார். எஞ்சின் இறுகாமல் இருக்க ஞாயிறுகளில் சற்று நேரம் ஓடவிட்டார். அறுபதுகளில் ரப்பர் தயர் போட்ட டீசல் இயந்திரங்கள் வந்தன. நானும் ஒன்று எடுத்தேன். “உங்கடை மெசின் நல்லாய் உழும், அண்ணை. இது வேரோடை சண்டை பிடிச்ச மெசின். அது வேறை வேலை,” என்றார். வேறு குடியேற்றங்களிலிருந்தெல்லாம் இளைஞர்கள் பார்க்க வருவார்கள். எல்லோரையும் தொட்டுப் பார்க்க விடுவார், ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது என்று சொல்லுவார். ஆனால் ஹான்டிலைத் தொட விடமாட்டார். பிள்ளைகள் மேலோ மாடுகள் மேலோ அவர் ஒருநாளும் கைவைத்ததில்லை.

ஆண்டுதோறும் முதல் உழவின் முதற்சால் மட்டும் பழைய இயந்திரத்தாலேயே என்று ஊர் வைத்துக்கொண்டது. இயலாத இடது கையை மடியில் செருகிக்கொண்டு, வலது கையால், குனிந்து, ஹான்டிலின் வழியில் நின்று சுழற்றினார். “இப்பதான் பாக்க லெட்சணமாய் இருக்கு,” என்று பெரியவர்கள் மெச்சினார்கள். நானும் தலையாட்டினேன். அது எப்போது திருப்பி அடிக்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் எனக்குத் தெரிந்த பயம் வேறு எவருக்கும் தெரியாது. ஆனாலும், விடு, நான் சுழற்றுகிறேன் என்று ஒரு முறையும் சொல்லவில்லை.

சென்ற புரட்டாதியில் அது அடித்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்கூட்டில் பட்டது. விலா எலும்புகள் உள்ளே குத்தின. வாயால் இரத்தம் வந்தது. என் டீசல் இயந்திரம் இழுக்கும் பெட்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சில நாட்கள் இருந்தார். ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“இப்ப ஏன் அது? விடுங்கோ, அண்ணை,” என்றார். சற்று மூச்சு வாங்கிவிட்டு, “ரேடியேற்றரிலை தண்ணி நிக்குது. வடிச்சு விடச் சொல்லுங்கோ, கறள் பிடிச்சுப் போடும்,” என்றார். அவர் என்னிடம் கேட்ட கடைசிக் காரியம் அது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று தம்பியின் மகன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனான். “அப்பாவைத் திண்ட சனியன்! கையைத் திண்டது காணாமல் ஆளையும் திண்டது!” என்று கத்திக் கத்தி அடித்தான். புகைக்குழாய் முறிந்தது. இருக்கை நெளிந்தது. பிடிக்கப் போனவர்களையும் தள்ளிவிட்டான். அவன் தண்டித்துக்கொண்டிருந்தது நான் செய்த குற்றத்தை. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரும்பாக எடுக்கும்படி காக்காவிடம்தான் அவன் முதலில் கேட்டான். “மாஸ்டர், நான் சாக்கிலை சுமந்து வந்த சாமான். அதை நானே உடைக்கவோ? வேறை ஆளைப் பிடிக்கச் சொல்லுங்க,” என்று காக்கா என்னிடம் வந்து கண் கலங்கினார். வேறு லொறி பேசப்பட்டது. அதன் பிறகுதான், அறுபதைத் தாண்டிய எனக்கு வாய் திறக்க மனம் வந்தது. அந்த இயந்திரம் தம்பியை ஒரு முறைதான் அடித்தது. அடிபடாமல் சுழற்றத் தெரிந்த கையை அதற்கு முன்பே முறித்தவன் நான். அதை உடைக்க வேண்டாம் என்று கேட்க இதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னர், இதுவரை எழுதியதைத் தம்பியின் மனைவிக்கும் மகனுக்கும் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். மகன் பாதியில் எழும்பிப் போனான். தம்பியின் மனைவி கடைசிவரை இருந்து கேட்டா.

“இரண்டாவது அடியும் அடிச்சனீங்களோ?” என்று மட்டும் கேட்டா.

“ஓம்,” என்றேன்.

பிறகு சொன்னா: “இதை ஒரு சொல்லும் குறையாமல் அச்சடியுங்கோ, அத்தான். லொறிக்காரனை வரவேண்டாமெண்டு நான் சொல்லுறன். மெசின் இந்த வளவிலை நிக்கட்டும். நீங்கள் இனி இந்த வளவுக்கை வரவேண்டாம்.”

இனி நன்றி கூற வேண்டும். தம்பிக்குப் புக்கை கட்டிய பரியாரியாருக்கும், ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்த தாதியருக்கும், மழையில் பாடை சுமந்த அயலவர்களுக்கும், முல்லைத்தீவிலிருந்து அரிசி மூட்டையோடு வந்து பந்தலில் நின்ற காக்காவுக்கும், அவர் குடும்பத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. திவசத்தன்று வருபவர்களை வாசற் படலையில் நின்று வரவேற்று, இம்மலரைக் கையில் தர வேண்டியவர் குடும்பத்தின் மூத்தவர். அன்று அங்கே என்னைக் காணாவிட்டால் சுகவீனம் என்று நினைக்க வேண்டாம். ஏன் என்று படலையில் நிற்கும் எவரையும் கேட்கவும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, கொட்டில் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தம்பியின் மனைவி அனுமதித்திருக்கிறா.

இங்ஙனம்,
அண்ணன்
முரசுமோட்டை